ஒரு குக்கர், ஐந்து தட்டுகள்

வங்கி இதழில் இரவுச் சமையலைப் பற்றி எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். வாடிக்கையாளர்களின் கணக்கு அறிக்கைகளை நாள்தோறும் பார்க்கும் நாங்கள், எங்கள் வீட்டுக் கணக்கை வரிவரியாகப் பார்த்தது ஓர் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில்தான். வீட்டுக்கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு நடுவே சிறுசிறு தொகைகள் பதினான்கு இருந்தன. அனைத்தும் இரவு எட்டரைக்கு மேல் கைப்பேசி வழியே வரவழைத்த உணவுக்கானவை. அந்தப் பதினான்கு இரவுகளிலும் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது. சமைத்ததை யாரோ ஒருவர் உண்ண மறுத்ததால்தான் வெளியிலிருந்து உணவு வந்திருக்கிறது.

எங்கள் குடும்பம் ஐவர் அடங்கியது. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்கிறோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஆறு. எழுபதைக் கடந்த தாயார் உடன் இருக்கிறார். பணியிட மாற்றத்தில் கோவையிலிருந்து நாக்பூர் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகள் தயிர்ச் சோறும் உருளைக்கிழங்கும் தவிர வேறெதையும் தொடமாட்டாள். மகனுக்கு வெங்காயம் கண்ணில் படக்கூடாது. அம்மாவுக்கு இரவில் காரமும் பூண்டும் ஒத்துக்கொள்வதில்லை. இவற்றையெல்லாம் எழுதும்போது, பாகற்காயை இன்றுவரை தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கும் நமது பழக்கத்தையும் ஒப்புக்கொள்வதே நேர்மை.

இரவு ஏழரைக்கு வீடு திரும்பி, இத்தனை பேரின் விருப்பு வெறுப்புகளுக்கும் ஏற்ப மூன்று விதமாகச் சமைப்பது நடக்கிற காரியமன்று. ஆயினும் அதைத்தான் செய்துவந்தோம். ஒன்பது மணிக்குச் சமையல் முடியும்போது எல்லாருடைய பொறுமையும் முடிந்திருக்கும். ஊட்டுவது, மிரட்டுவது, கைப்பேசியில் படம் காட்டி வாயில் திணிப்பது என்று அடுத்த ஒரு மணி நேரம் கழியும். மார்ச் 31 அன்று கணக்கு முடித்து நள்ளிரவு நெருங்கும் வேளையில் வீடு வந்தபோது, மகள் சாப்பாட்டு மேசையிலேயே தலை சாய்த்து உறங்கியிருந்தாள். தட்டில் சோறு காய்ந்திருந்தது. கன்னத்தில் கண்ணீரும் காய்ந்திருந்தது. அம்மாவும் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே குழந்தை மருத்துவரிடம் சென்றோம். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 கிராம் என்று வந்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு அது 11.5 கிராமுக்குக் குறையக்கூடாது. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு உள்ளது. மாத வருமானமும் குளிர்பதனப் பெட்டி நிறையக் காய்கறியும் உள்ள வீடு என்பதனால் இக்கணக்கிலிருந்து தப்பிவிட முடியாது என்பதை அன்று அறிந்தோம்.

மருத்துவர் இரும்புச்சத்து மருந்தை எழுதித் தந்தார். அதைவிட நேரம் எடுத்து அவர் விளக்கியது, குழந்தை ஏன் மறுக்கிறது என்பதைத்தான். பிறக்கும்போது மூன்று கிலோ எடையுள்ள குழந்தை ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் தணிவதால் பசியும் தணிகிறது. 'கைக்குழந்தையாக இருந்தபோது கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டாளே' என்று பாட்டிமார் வருந்துவதில் உண்மை உண்டு, ஆனால் அது நோயன்று. மேலும், ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை அறிமுகமில்லாத உணவைக் கண்டு விலகுவது பெரும்பாலான குழந்தைகளின் இயல்பு. கசப்பை அவர்களுடைய நாக்கு பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்கிறது. ஒரு புதிய காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முறையோ பத்து முறையோ அதற்கும் மேலோ அதைத் தட்டில் காண வேண்டியிருக்கும். நாமோ மூன்றாம் முறை மறுத்தவுடன் 'இவளுக்குப் பிடிக்காது' என்று முத்திரை குத்தி, அந்தக் காயை வாங்குவதையே நிறுத்திவிடுகிறோம்.

பால் விஷயத்தில் எங்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சரியாகச் சாப்பிடவில்லையே என்ற கவலையில் மகளுக்கு நாளொன்றுக்கு மூன்று டம்ளர் பால் கொடுத்துவந்தோம். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, பிற உணவிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் ஓரளவு தடுக்கிறது. வயிற்றை நிரப்பிவிடுவதால் பசியும் எழுவதில்லை. சாப்பிடாததற்கு மாற்றாக நாம் தந்ததே சாப்பிடாமைக்குக் காரணமாகவும் இருந்தது. மருத்துவர் அதை ஒன்றரை டம்ளராகக் குறைக்கச் சொன்னார். மாலை ஆறு மணிக்குப் பின் பாலும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை என்று அம்மாவிடம் நாங்கள் சொன்னபோது அவர் முகம் மாறியது. அதற்குப் பின்னர் வருவோம்.

மூன்று சமையலை ஒன்றாக்கும் வழியை எங்களுக்குக் காட்டியவர் எதிர் வீட்டுக் காகூ. மராத்தியில் சிற்றன்னையை அழைக்கும் அச்சொல்லால்தான் எங்கள் குடியிருப்பில் அனைவரும் அவரை அழைக்கின்றனர். ஒருநாள் மாலை எங்கள் மகள் அவர் வீட்டில் விளையாடப் போனவள், அங்கேயே இரவு உணவை முடித்துவிட்டு வந்தாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், 'மஞ்சள் சோறு' என்றாள். எங்கள் வீட்டில் மஞ்சள் நிறத்தில் எதை வைத்தாலும் எழுந்து ஓடுகிறவள் அவள். மறுநாளே போய் விசாரித்தோம்.

அது வரண்-பாத். மராட்டியர் வீடுகளில் நாள்தோறும் சமைக்கப்படும் எளிய உணவு. துவரம்பருப்பை மஞ்சளும் பெருங்காயமும் சேர்த்துக் குழைய வேகவைத்து, உப்பிட்டு, சில வீடுகளில் சிறு துண்டு வெல்லமும் கரைத்து, தாளிக்காமல் அப்படியே சூடான சோற்றின்மேல் ஊற்றுகின்றனர். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சை. அவ்வளவுதான். இது நம் பருப்புச் சோறுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம், அதுவேதான். ஆனால் நம் இலையில் அது முதல் கவளத்தோடு முடிந்து, சாம்பாருக்கு இடம் விட்டுவிடுகிறது. இங்கே அதுவே முழு உணவாக நிற்கிறது. வேறுபாடு அவ்வளவுதான் என்றாலும் எங்களுக்கு அது பெரிய வேறுபாடாக அமைந்தது.

ஏனெனில், நம் சமையலில் சுவை அடுப்பின்மேலேயே முடிவாகிவிடுகிறது. சாம்பாரில் கரைந்த புளியையும் மிளகாயையும் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. வெங்காயம் வேண்டாம் என்பவன் கரண்டியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பான். பல குழந்தைகள் மறுப்பது காயை அன்று, பலவும் கலந்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையை. வரணில் அடிப்படை உணவு வெறுமையாக இருக்கிறது. சுவை தட்டில் முடிவாகிறது. தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால், வேண்டியவர் வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். நெய்யில் கடுகு, சீரகம், வரமிளகாய், தட்டிய பூண்டு தாளித்தது எங்களுக்கு. பூண்டும் மிளகாயும் போடுமுன் கடுகு சீரகத்தோடு ஒரு கரண்டி எடுத்துவைப்பது அம்மாவுக்கு. வெறும் நெய் மகளுக்கு. சமையல் ஒன்று, சாப்பாடு மூன்று.

அளவும் சொல்லிவிடுகிறோம். ஐவருக்கு, 200 மில்லி டம்ளரில் ஒன்றரை டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் துவரம்பருப்பு. காலையிலேயே பருப்பைக் கழுவி நீரில் ஊறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுச் செல்கிறோம். இரவு வந்ததும் குக்கரின் ஒரு பாத்திரத்தில் அரிசி, மற்றொன்றில் பருப்பும் மஞ்சளும் பெருங்காயமும் வைத்து ஐந்து விசில். ஆவி அடங்குவதற்குள் தாளிப்பு ஆகிவிடும். உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, கொஞ்சம் எண்ணெயில் மூடிபோட்டு வதக்கினால் பக்கத்துக்கு ஆயிற்று. அடுப்பை மூட்டியது முதல் பரிமாறுவது வரை முப்பத்தைந்து நிமிடம். எலுமிச்சையை மட்டும் அடுப்பில் இருக்கும்போது பிழியாதீர்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு எலுமிச்சையின் வைட்டமின் சி துணைசெய்கிறது. அது சூட்டில் அழியும் தன்மையுடையது. தட்டில் பிழிவதே முறை. குளிர்காலத்தில் இவ்வூர் ஆரஞ்சுகளின் சுளைகளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறோம். அதற்கு மட்டும் எங்கள் வீட்டில் மறுப்பே இருந்ததில்லை.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டபின் இந்தியா முழுவதும் இதே முறை வேறு வேறு பெயர்களில் இருப்பது கண்ணில் படத் தொடங்கியது. பணியின் தொடக்கத்தில் கொல்கத்தாவில் இரண்டாண்டு இருந்தபோது, உடன் தங்கியிருந்த வங்காளி நண்பர்கள் சோம்பலான இரவுகளில் செய்யும் பாதே-பாத் நினைவுக்கு வந்தது. கொதிக்கும் சோற்றுப் பானையிலேயே கழுவிய முட்டை, முழு உருளைக்கிழங்கு, பூசணித் துண்டு எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். மசூர்ப் பருப்பைத் துணியில் முடிந்து அதே பானையில் தொங்கவிடுவதும் உண்டு. வெந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பிசைந்து, உப்பும் கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் நறுக்கிய வெங்காயமும் அவரவர் சேர்த்துக்கொள்வர். அந்நாளில் இதைச் சமையல் தெரியாதவர்களின் சமையல் என்று எண்ணியிருந்தோம். இப்போது வாரம் ஒருநாள் எங்கள் வீட்டில் இதுதான். மகனுக்கு வெங்காயம் இல்லாத உருளை, எங்களுக்குக் கடுகெண்ணெயும் வெங்காயமும் சேர்த்தது, முட்டை உண்ணாத அம்மாவுக்குச் சிறு பாத்திரத்தில் தனியே வெந்த பூசணியும் பருப்பும். மகள் முட்டையின் வெள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மஞ்சள் கருவை அண்ணனிடம் தள்ளிவிடுகிறாள். இருவருக்கும் அதில் உடன்பாடு உண்டாகிவிட்டதால் நாங்கள் தலையிடுவதில்லை.

குஜராத்தின் கிச்சடியும் கடியும் அடுத்த துணை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு, நான்கு மடங்கு நீர், மஞ்சள், உப்பு, நான்கு விசில். கடி என்பது நம் மோர்க்குழம்பின் உறவு. தேங்காய் அரைக்கும் வேலை இல்லை. ஒரு டம்ளர் தயிரில் ஒன்றரை மேசைக்கரண்டி கடலைமாவைக் கட்டியின்றி அடித்து, இரண்டு டம்ளர் நீர் சேர்த்து, இஞ்சியும் வெல்லமும் இட்டு, முதல் கொதி வரும்வரை கிளறிக்கொண்டே இருந்து, பிறகு சிறுதீயில் விடவேண்டும். கடலைமாவு இருப்பதால் தயிர் திரிவதில்லை. அதன் மெல்லிய இனிப்பு எங்கள் மகளைப் பருப்பின் பக்கம் இழுத்த இரண்டாவது உணவு. தயிரை விரும்பும் குழந்தைக்குக் கடி ஒரு நல்ல பாலம். தனக்குத் தெரிந்த ஒன்றின் அடுத்த வடிவமாகவே அது அதைக் காண்கிறது.

அரிசி வேண்டாம் என்ற நாளில் கடலைமாவு அடை. வடக்கில் இதைச் சீலா என்கின்றனர். ஒரு டம்ளர் மாவுக்கு முக்கால் டம்ளருக்குச் சற்று மேல் நீர், ஓமம், மஞ்சள், உப்பு. இங்கே கவனிக்க வேண்டியது ஊற்றும் வரிசை. முதல் நான்கு அடைகளை வெறும் மாவில் வார்த்துக் குழந்தைகளுக்கும் அம்மாவுக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சிய மாவில் வெங்காயம், தக்காளி, கொத்துமல்லி, பச்சைமிளகாய் கலந்து நமக்கு வார்த்துக்கொள்ள வேண்டும். வெறுமையிலிருந்து நிறைவை நோக்கிச் செல்வதே வரிசை; மாறிச் செய்தால் இரண்டு பாத்திரம், இரண்டு மாவு. நம் இட்லி மாவிலும் இதே வரிசையில் ஊத்தப்பம் வார்க்கலாம் என்பதைத் தமிழர் வீடுகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. முந்தைய நாளின் பருப்பு எஞ்சியிருந்தால், அதையே நீருக்குப் பதிலாக ஊற்றிக் கோதுமை மாவு பிசைந்து பராத்தா தேய்த்துவிடலாம். கம்பும் சோளமும் பருப்புகளும் வறுத்தரைத்த பாஜணி மாவு இங்கே கடைகளில் கிடைக்கிறது. அதில் தட்டும் தாலிபீட் மகனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வெங்காயம் அதில் பொடியாக நறுக்கப்பட்டிருப்பதை அவன் அறிவான் என்றே எண்ணுகிறோம். கேட்டுக்கொள்வதில்லை.

சமையல் இவ்வளவு எளிதாகிவிட்டது. பரிமாறுவதுதான் கடினமாக இருந்தது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் பல்லாண்டுகளுக்கு முன் வகுத்த ஒரு முறையை மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். எதை, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யவேண்டும். அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்யவேண்டும். ஒருவர் மற்றவர் எல்லைக்குள் நுழையக்கூடாது. எங்களுக்கு இது உடனே விளங்கியது. வங்கியில் ஒரு பரிவர்த்தனையைப் பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் அளிப்பவர் வேறொருவர். இருவேலையையும் ஒருவரே செய்தால் தணிக்கையில் முதலில் பிடிபடுவது அதுவாகத்தான் இருக்கும். நாங்களோ வீட்டில் சமையலையும் நாங்களே முடிவு செய்து, குழந்தையின் வயிற்றையும் நாங்களே முடிவு செய்துகொண்டிருந்தோம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, மேசையில் வைக்கும் உணவில் ஒவ்வொருவரும் உண்ணக்கூடியது ஒன்றாவது இருக்கவேண்டும். எங்கள் மகளுக்கு அது தயிர்ச் சோறு. அதைக் கடைசியில் தராமல் தொடக்கத்திலேயே, சிறு கிண்ணத்தில், மற்றவற்றோடு சேர்த்து வைக்குமாறு மருத்துவர் கூறினார். 'பருப்பைச் சாப்பிட்டால்தான் தயிர்' என்று சொல்லிவிட்டால் தயிர் பரிசாகவும் பருப்பு தண்டனையாகவும் ஆகிவிடும். ஐஸ்கிரீமை ஆசை காட்டிக் கீரையை ஊட்டுவதும் இவ்வகையே. கீரையின் மதிப்பு இறங்கி ஐஸ்கிரீமின் மதிப்பு ஏறும். இரண்டாவது நிபந்தனை, புதிய உணவு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். புகழ்ச்சியும் வேண்டாம். 'அட, கத்தரிக்காய் சாப்பிட்டுவிட்டாயே!' என்று நாம் கைதட்டினால், எல்லாரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் குழந்தை அறிந்துகொள்கிறது.

தயிர்ச் சோற்றில் தொடங்கும் சாப்பாட்டை அம்மாவால் ஏற்க முடியவில்லை. முறை தெரியாத வீடு என்று யாரேனும் சொல்வார்கள் என்றார். அது சிறு வருத்தம். பெரிய வருத்தம் வேறு. முதல் வாரத்தில் மகள் மூன்று இரவுகள் தயிர்ச் சோறு மட்டும் இரண்டு கவளம் உண்டு எழுந்துவிட்டாள். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாதிருந்தோம். நான்காம் நாள்தான் தெரிந்தது: ஒன்பதரை மணிக்கு நாங்கள் உறங்க வைக்குமுன், பாட்டியின் அறையில் பாலும் பிஸ்கட்டும் நடந்துகொண்டிருந்தன.

"ஏம்மா இப்படிச் செய்றீங்க?" என்று கேட்டபோது அவர் மறைக்கவில்லை.

"வயிறு காயப் பிள்ளை தூங்கினா எனக்குத் தூக்கம் வராதுப்பா. டாக்டருக்கு என்ன, அவர் வீட்டிலயா அழுவுது?"

அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. ஒரு குழந்தைக்கு ஊட்டுவதையே வாழ்நாளெல்லாம் அன்பின் வடிவமாகக் கொண்டவரிடம், ஊட்டாதீர்கள் என்று மட்டும் சொல்வது அவரிடமிருந்து ஒன்றைப் பறிப்பதாகும். அவருக்கு வேறொன்றைத் தரவேண்டியிருந்தது. அன்று முதல் நெய்க் கிண்ணமும் தாளிப்புக் கிண்ணமும் அம்மாவின் பொறுப்பாயின. யாருக்கு எவ்வளவு என்று கேட்டு ஊற்றுபவர் அவரே. ஒன்பதரைப் பாலை இரவுச் சாப்பாட்டோடு அரை டம்ளராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நாங்களும் இறங்கிவந்தோம். கைப்பேசிகள் அனைத்தும், எங்களுடையவை உட்பட, ஹாலில் உள்ள அலமாரிக்குப் போயின. கிளையிலிருந்து அழைப்பு வரக்கூடும் என்ற எங்கள் சாக்குப்போக்கு செல்லவில்லை.

மாற்றம் வேகமாக வரவில்லை. இரண்டாம் வாரத்தின் இறுதியில் மகள் பாட்டியிடம் தட்டை நீட்டி, சோற்றில் நெய் கேட்டாள். பிறகு, அண்ணன் தட்டில் ஊற்றிய பருப்பில் விரலைத் தொட்டு நக்கினாள். ஆறாவது வாரம் வரண் அவளுடைய உணவாயிற்று. எலுமிச்சை பிழியும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். விதைகளும் சேர்ந்து விழும், விழட்டும் என்று விட்டுவிட்டோம். நான்கு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.8 கிராம். அதில் பெரும்பங்கு மருந்தினுடையது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரத்தசோகை என்று தெரிந்தபின் உணவை மட்டும் நம்பி மருந்தைத் தவிர்ப்பது தவறு. மருந்து ஏற்றியதை நிலைநிறுத்துவதுதான் அன்றாட உணவின் வேலை. கத்தரிக்காய் இன்னும் தட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. நம் பாகற்காயும் அப்படித்தான்.

எல்லா மறுப்பையும் இவ்வாறு இயல்பென்று விட்டுவிடக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். குழந்தையின் எடை மாதக்கணக்கில் ஏறாமல் நிற்பது அல்லது குறைவது, விழுங்கும்போது புரையேறுவது, சாப்பிட்டால் வயிற்றுவலி அல்லது வாந்தி, முன்பு உண்டவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டு உணவுப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வருவது ஆகியவை காணப்பட்டால் மருத்துவரிடம் தாமதமின்றிச் செல்லவேண்டும். உணவைத் தவிர்ப்பது உடலையும் வளர்ச்சியையும் பாதிக்கும் அளவுக்கு முற்றுவது தனியொரு கோளாறாகவே 2013 முதல் மருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றுள்ளது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. சிறு குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலும் அரசு சுகாதார நிலையத்திலும் எடையைப் பதிவுசெய்யும் வளர்ச்சி அட்டை இருக்கிறது. அதன் கோடு மேல்நோக்கிச் செல்கிறதா என்று பார்ப்பது, ஒருவேளைச் சோற்றில் எத்தனை கவளம் போயிற்று என்று எண்ணுவதைவிடப் பயனுள்ளது.

செலவுக் கணக்கைக் கேட்கும் வாடிக்கையாளர்களுக்காக: அந்தப் பதினான்கு இப்போது மாதம் இரண்டாகவோ மூன்றாகவோ குறைந்திருக்கிறது. அவையும் எவரும் மறுத்ததால் அன்று, நாமே ஆசைப்பட்டதால் வருபவை. 14.2 கிலோ எரிவாயு உருளை முன்னைவிட நான்கைந்து நாள்கள் கூடுதலாக வருகிறது. மூன்று அடுப்பு வேலை ஒன்றாகக் குறைந்ததன் பயன் இது. மிச்சமான தொகையை மகளின் பெயரில் உள்ள சிறுசேமிப்புக் கணக்கில் போட்டுவருகிறோம். இதை எழுதாவிட்டால் நமது மேலாளர் வருந்துவார்.

இந்த ஆண்டும் மார்ச் 31 வந்தது. காலையில் பருப்பை ஊறவைத்துவிட்டுச் சென்றோம். ஐந்து விசில் எண்ணும் பொறுப்பை மகன் ஏற்றிருந்தான். இரவு பதினொன்றே காலுக்குத் திரும்பியபோது மேசையில் மூடிவைத்த இரண்டு தட்டுகள் இருந்தன. பக்கத்தில் தாளிப்புக் கிண்ணம், பாதி எலுமிச்சை. மற்ற மூன்று தட்டுகளும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அம்மா உறங்கியிருந்தார்.